கப்பல் மிளகாய்

“மிளகாய்க்கு அதோட காரம் அதுக்கே உறைக்காதாம்மா?”

ரிஷி இப்படிக் கேட்டபோது அவனுக்கு ஐந்து வயது. தட்டில் இருந்த சம்பலை விரலால் தொட்டு நக்கிவிட்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய நின்றுகொண்டு கேட்டான். புஷ்பவல்லிக்கு அன்று வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. பிள்ளையின் வாயில் கொஞ்சம் சர்க்கரையைப் போட்டு, அப்புறம் சொல்கிறேன் என்று ஓடினாள். அப்புறம் சொல்லவே இல்லை. அவன் இப்போது பினாங்கில் பொறியியல் படிக்கிறான். கேட்டதை மறந்தே போயிருப்பான். ஆனால் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள் அப்படி லேசில் நம்மை விட்டுப் போவதில்லை. ஒரு தப்பைச் செய்துவிட்டுத் திருதிருவென்று விழிக்கிற நாளாகப் பார்த்துத்தான் திரும்பி வரும். புஷ்பவல்லிக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது.

அவள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், மோனோரயில் போகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில். மூன்று கதவு தள்ளி பெர்னடெட் ஆன்டியின் வீடு. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் லூர்துசாமி கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஏதோ ஒரு பயணத்தில், மேற்கிந்தியத் தீவுப் பக்கம் ஒரு துறைமுகத்தில் சாப்பிட்ட மீன் குழம்பு பிடித்துப்போய், அந்தச் சமையற்காரியிடமே கேட்டு நாலைந்து விதைகளைத் தைலப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தார். அந்த மாடியில் எல்லாரும் அதைக் கப்பல் மிளகாய் என்றுதான் சொல்வார்கள்.

பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. கட்டைவிரல் அளவில், கசக்கிப் போட்ட காகிதக் கூடு மாதிரி சுருங்கி, பழுத்தால் மஞ்சளாக இருக்கும். காரம் நாக்கு நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் வாசனை! பழுத்த அன்னாசியையும் பச்சைக் கொத்தமல்லியையும் ஒன்றாகக் கசக்கினதுபோல் இருக்கும். கொதி அடங்கும் நேரத்தில் குழம்பில் ஒன்றைக் கிள்ளிப் போட்டால், இன்றைக்கு ஆன்டி வீட்டில் மீன் என்று லிஃப்டில் ஏறும்போதே தெரிந்துவிடும். லூர்துசாமி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் நல்ல செடியாகப் பார்த்து விதை எடுத்து, வாசலில் இரண்டு பெயிண்ட் வாளியில் ஆன்டி அதைக் காப்பாற்றி வந்தார்.

இந்த வருஷத்து மழையில்தான் அது நடந்தது. காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் இலையைத் தொங்கவிட்டது. மறுநாள் அடுத்த வாளியிலும் அப்படியே. வாடல் நோய். வேர் அழுகிவிட்டால் யார் வந்தும் பயனில்லை. கடைசியாகப் பழுத்திருந்த ஏழு பழங்களை மட்டும் ஆன்டி காம்போடு கிள்ளி எடுத்தார். அந்த நேரம் பார்த்து அம்பாங்கில் இருக்கிற மகள் ஜானிஸுக்குப் பிரசவம். நாற்பது நாள் போய் இருக்க வேண்டும். ஆன்டியின் வீட்டில் வெயில் விழாது. புஷ்பவல்லியின் பின்பக்கத்துப் பால்கனியில் நன்றாக விழும். விதை பழத்துக்குள்ளேயே இருந்து காய வேண்டும் என்பது ஆன்டியின் முறை.

ஏழு பழங்களையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். புஷ்பவல்லி கையை நீட்டினாள்.

“கையில வாங்காத புஷ்பா. மிளகாயைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு எங்க மாமியார் சொல்வாங்க.” தட்டைச் செருப்பு அலமாரி மேல் வைத்தார். “எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா எதுக்கு வம்பு லா, எடுத்துக்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஆன்டி சிரிப்பில்லாமல் சொன்னார்: “இந்த ஏழுதான் இருக்கு.”

புஷ்பவல்லி தட்டைப் பால்கனியில் துணி துவைக்கிற மெஷினுக்கு மேல் வைத்தாள். இருபது நாள் ஒழுங்காகப் புரட்டிவிட்டாள். மழை வந்தால் ஓடிப்போய் உள்ளே எடுத்து வைத்தாள். யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? கணவர் சபாபதி போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை. வந்தால் தூங்குவார், எழுந்தால் போவார். அவள் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டரில் உட்காருபவள்.

அந்த வெள்ளிக்கிழமை கிள்ளானிலிருந்து அவளுடைய நாத்தனார் ரமணி, பேத்தி மலரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எட்டு மாதக் குழந்தை. ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து பத்து நாளாக ஓயாத அழுகை. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. மருந்து கொடுத்தாகிவிட்டது. புஷ்பவல்லி கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்தபோது குழந்தை சோபாவில் கையை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் என்னவோ ஒரு வாசனை. அன்னாசியைத் தீய்த்த மாதிரி.

ரமணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் பெருமையை அடக்க முடியாமல், நடந்ததைச் சொன்னாள். வெள்ளிக்கிழமையாயிற்றே, குழந்தைக்குச் சுற்றிப் போடலாம் என்று நினைத்தாளாம். அலமாரியில் காய்ந்த மிளகாய் தேடினாளாம், தூளாகத்தான் இருந்ததாம். நல்ல வேளையாகப் பால்கனியில் கண்ணில் பட்டதாம்.

“எண்ணி வெச்ச மாதிரி சரியா ஏழு இருந்துச்சு புஷ்பா. உப்பு, கடுகு, எல்லாம் சேத்து மூணு சுத்து சுத்திப் பழைய சட்டியில போட்டு எரிச்சேன். ஒரு நெடி? ஒரு தும்மல்? ஒண்ணும் இல்ல! ஏழு மிளகாய் எரியுது, எனக்கு இருமல்கூட வரல. எவ்வளவு கண்ணு பட்டிருந்தா அப்படி இருக்கும்னு நீயே பாரு.”

திருஷ்டி இல்லாத வீட்டில் மிளகாய் எரிந்தால் நெடி தாங்காது; திருஷ்டி இருந்தால் நெடியே வராது. இது ரமணிக்கு மட்டும் தெரிந்த விஷயம் அல்ல. நம் எல்லாருடைய வீட்டிலும் சொல்வதுதான். கப்பல் மிளகாயை யார் எரித்தாலும் நெடி வராது என்பது மட்டும் ரமணிக்குத் தெரியாது.

புஷ்பவல்லி பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குப்பைத் தொட்டியில் சட்டியின் கரி. அதை ஒரு குச்சியால் கிளறினாள். விதைகள் கறுத்துப் பொரிந்து கிடந்தன. அப்போதுதான் எங்கிருந்தோ ரிஷியின் அந்தக் கேள்வி வந்து காதோரம் நின்றது. அடுத்தவருக்கு எரிச்சலைக் கொடுக்கிறவருக்குத் தன் காரம் உறைக்குமா? உறைக்கிறது. நன்றாகவே உறைக்கிறது.

திரும்பி வந்தபோது ரமணி குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். பத்து நாளாகத் தூங்காத அவள் முகத்திலும் அன்றுதான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? புஷ்பவல்லி தேத்தண்ணீர் கலக்கப் போனாள். ரமணி ஊருக்குத் திரும்பும்வரை சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதிலும் ஒரு தர்மம் இருக்கிறது.

ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளினிக்கில் ஒருவர் கார்டை இன்னொருவரிடம் கொடுத்தாள். சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் தீப்பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள். பால்கனிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். நடப்பதற்கு அந்த வீட்டில் இடமும் இல்லை.

விஷயம் தெரிந்த சபாபதி, காலையில் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே, இதற்கா இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றுகிறாய் என்றார். பங்சாரில் பெரிய சூப்பர்மார்க்கெட்டில் வெளிநாட்டு மிளகாய் விற்கிறார்கள், அதே மாதிரி சுருங்கி மஞ்சளாகத்தான் இருக்கிறது, ஏழு வாங்கிக் காயவைத்தால் தீர்ந்தது என்று வழியும் சொன்னார். நல்ல மனுஷர். மனைவி தவிப்பது பொறுக்காமல் சொன்னார்.

அவள் போனாள். வாங்கினாள். அதே தட்டில் அதே இடத்தில் ஏழு மிளகாயை வைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் கப்பல் மிளகாயேதான். மூன்று நாள் புரட்டியும் விட்டாள். நான்காம் நாள், வாங்கியதில் தட்டில் வைக்காமல் மிஞ்சியிருந்த ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். நெருப்பு. காது அடைத்து, கண் இருண்டு, குழாயடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். காரத்துக்காக அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இதை ஆன்டி நட்டு, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி, பூத்துக் காய்த்து, ஒரு நாள் மீன் குழம்பில் கிள்ளிப் போடுவார். அப்போது அவருக்குத் தெரியும். அல்லது இன்னும் மோசமாக, தெரியாமல், தான்தான் எங்கேயோ கெடுத்துவிட்டோம் என்று நினைப்பார். கணவர் கொண்டுவந்ததைக் கை தவறிக் கெடுத்தவள் நான்தான் என்று ஒரு கிழவி தன்னையே நொந்துகொள்வார். புஷ்பவல்லி தட்டைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, முகத்தைக் கழுவி, சாமி மாடத்துக்கு முன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, ஃபோனை எடுத்தாள்.

ரமணியின் பேரைச் சொல்லவில்லை. தன் வீட்டு அடுப்பில் எரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லி வைக்காமல் போனது தன் தப்பு என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் எங்கோ பச்சைக் குழந்தை சிணுங்கியது.

“ஏழுமா?” என்றார் ஆன்டி.

“ஏழும் ஆன்டி.”

“சரிம்மா. பிள்ளை அழுவுது, வெக்கிறேன்.”

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பாதிதான் இறங்கும். மீதியை நாம்தான் சுமந்துகொண்டு போய் எங்கேயாவது சேர்க்க வேண்டும்.

அன்று தொடங்கி அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். முன்பு ஒரு காலத்தில் ஆன்டி கேட்டவர்களுக்கெல்லாம் விதை கொடுத்தவர்தான். இரண்டாவது மாடியில் ஒரு வீடு, ஆன்டியோடு மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிற ஓர் அம்மா, பக்கத்து பிளாக்கில் ஒருவர். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஒரே கதையைச் சொன்னார்கள். முதல் வருஷம் வாசனையாக வந்தது. அதில் விதை எடுத்துப் போட்டோம். அடுத்த வருஷம் ஒரே காரம். பக்கத்தில் சிலி பாடி என்கிற குட்டி ஊசிமிளகாய்ச் செடி வைத்திருந்தார்கள். தேனீ அங்கேயும் உட்கார்ந்தது, இங்கேயும் உட்கார்ந்தது, விதை கலந்துபோயிற்று. அதனால்தான் ஆன்டி விதை கொடுப்பதையே நிறுத்தினார். குழம்பு கொடுப்பார், தொக்கு கொடுப்பார். பழம் மட்டும் கதவைத் தாண்டாது.

புதன்கிழமை அடுப்புக் கேஸ் சிலிண்டர், அதாவது தோங், தீர்ந்தது. கடைக்கு ஃபோன் செய்தால் வருவது எப்போதும் திருச்செல்வம்தான். முப்பத்தைந்து முப்பத்தாறு வயதிருக்கும். கிள்ளானுக்குப் பக்கத்து மேருவிலிருந்து தினமும் லோரியில் வந்து இந்த வட்டாரத்து அடுக்குமாடிகளுக்கெல்லாம் தோங் போடுகிறவன். லிஃப்ட் கெட்டுப்போன நாளில் நான்கு மாடி தோளில் தூக்கிக்கொண்டு வந்தாலும் முகம் சுளிக்க மாட்டான். தோங்கை மாட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் புஷ்பவல்லிக்கு ஒரு யோசனை வந்தது. ஊரில் எல்லார் வீட்டுச் சமையலறையையும் பார்த்தவன் இவன் ஒருவன்தானே.

பெர்னடெட் ஆன்டி வீட்டில் இருந்ததே, அந்த மஞ்சள் மிளகாய், அது வேறு எந்த வீட்டிலாவது கண்ணில் பட்டதுண்டா என்று கேட்டாள்.

வால்வைத் திருகிக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

“பாக்கலக்கா,” என்றான். அவசரமாக எழுந்து, காசைக்கூட எண்ணாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போனான். காலித் தோங் சமையலறையிலேயே கிடந்தது.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். தோங்கை எடுக்க வந்தேன் என்றான். எடுக்கவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, ஆன்டி எதற்காக அந்த மிளகாயைத் தேடுகிறார்கள் என்று கேட்டான். அவள் நடந்ததைச் சொன்னாள். செடி வாடியது, ஏழு பழம், சட்டி, எல்லாம். கேட்டுக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டான்.

“எங்கிட்ட ஒரு செடி இருக்குக்கா.”

புஷ்பவல்லி வாசற்படிக்கே வந்துவிட்டாள்.

“ஆன்டி குடுத்தாங்களா?”

“இல்ல. ரெண்டு தடவை கேட்டேன். குடுக்கறதில்ல தம்பின்னுட்டாங்க. நாலு வருஷம் முன்ன ஒரு நாள் தோங் போட்டுட்டு வெளிய வரேன், கீழ ஒரு பழம் விழுந்து கெடந்துச்சு...” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். லோரிச் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். “விழுந்து கெடக்கலக்கா. பறிச்சேன்.”

இதைச் சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு ஆன்டி முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை என்றான். ரப்பர் குழாய் பழசானால் சொல்லாமலே மாற்றிவிடுவானாம், காசு வாங்காமல். கேட்டால் கடையில் சும்மா கொடுத்தார்கள் என்பானாம். நான்கு வருஷத்தில் ஆன்டி வீட்டுக் குழாய் எத்தனை தடவை மாறியது என்று ஆன்டிக்கே ஆச்சரியமாம். புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மிளகாய்ப் பழத்துக்காக நான்கு வருஷமாக ஒரு மனுஷன் குழாய் மாற்றிக்கொண்டிருக்கிறான். இப்படிப்பட்ட மனச்சாட்சிகளை வைத்துத்தான் கடவுள் இந்த உலகத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார் போலும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான்: ஆன்டியிடம் தன் பேரைச் சொல்லக் கூடாது.

அவள் யோசித்தாள். “நான் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன், தம்பி. ஒரு நாள் நீயா சொல்லிடு.”

“ம்,” என்றான். அதற்கு மேல் அவனால் அன்று முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சென்ட்ரல் ஸ்டேஷனில் கொம்யூட்டர் ரயில் ஏறினாள். கிள்ளான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று போனது. அவள் ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். இன்னும் எட்டு ஸ்டேஷன் இருக்கு ஆன்டி, உட்காருங்க என்று பக்கத்திலிருந்த பெண் சொன்ன பிறகுதான் அடங்கினாள். ஸ்டேஷனில் திருச்செல்வம் லோரியோடு காத்திருந்தான்.

மேருவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. வாசலில் கார் நிற்க வேண்டிய இடம் முழுக்க மிளகாய். அறுத்த பிளாஸ்டிக் பீப்பாயில், வாளியில், எண்ணெய் டின்னில். சிலி பாடி, வெள்ளைக் காந்தாரி, ஊதா நிறத்தில் ஒன்று. அவன் மனைவி வெளியே வந்து, லோரிக்கு இடம் இல்லை, எனக்குத் துணி காயப்போட இடம் இல்லை, இதுங்களுக்கு மட்டும் இடம் என்று விருந்தாளியிடம் முறையிட்டுவிட்டு மைலோ கொடுத்தாள். நடுவில், மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக, தண்டு மரம்போலத் தடித்து, அது நின்றது. மஞ்சளாக ஐந்தாறு பழம். புஷ்பவல்லி குனிந்து முகர்ந்து பார்த்தாள். அவள் மாடி நடையில் நிற்கிற மாதிரி இருந்தது.

பழத்தைப் பறிக்கக் கை வைத்தாள். அவன் தடுத்தான்.

“பழம் வேணாம்கா. இந்தச் செடி ஆன்டி பழத்துல மொளைச்சது, சுத்தம். ஆனா இதோட பழத்துல உள்ள விதை சுத்தம் இல்ல. சுத்தி எல்லாம் வேற சாதி நிக்குது பாருங்க. நான் ஆறு விதை போட்டேன். அதுல அஞ்சு செடி, கண்ணுல தண்ணி வர்ற காரம்.”

“அப்ப என்ன செய்யறது?”

“கொம்பு வெட்டித் தரேன். கொம்புல வேர் விட்டா இதேதான் வரும், மாறாது. ஆனா மிளகாய்க் கொம்பு லேசுல வேர் விடாது. அழுகிடும். நீங்க பொறுமையா இருக்கணும்.”

பொறுமை! அது இருந்தால் அவள் ரயிலில் உட்கார்ந்திருப்பாளே.

அவன் கத்தியை வெந்நீரில் கழுவினான். பூ இல்லாத கிளையாகப் பார்த்து, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக மூன்று கொம்பு வெட்டினான். அடி இலைகளைக் கிள்ளி, ஈரக் காகிதத்தில் சுற்றி, ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்தான். வெட்டிய பிறகு செடி ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. அவன் அதைத் தடவிக் கொடுத்தான். வாடல் பிடித்த மண்ணைத் தொடாதீர்கள், நோய் மண்ணிலேயே இருக்கும், வாளியைக்கூட வெந்நீர் ஊற்றிக் கழுவிப் புது மண் போட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அதன்பிறகு பதினேழு நாள் காத்திருப்பு. கழுவிய மணலில் மூன்று கொம்பையும் ஊன்றி, பாதியாக அறுத்த தண்ணீர் போத்தலைக் கவிழ்த்து வைத்தாள். வேலைக்குப் போகுமுன் பார்த்தாள். வந்ததும் பார்த்தாள். இடையில் கிளினிக்கிலிருந்து சபாபதிக்கு ஃபோன் செய்து தூக்கத்தில் எழுப்பிப் பார்க்கச் சொன்னாள்.

“நிக்குது, நிக்குது. நீ இப்படிக் கண்ணு வெச்சா அதுக்கு வேற சுத்திப் போடணும்,” என்றார் அவர்.

ஐந்தாம் நாள் ஒரு கொம்பு அடியில் கறுத்தது. அதைப் பிடுங்கும்போது மெதுவாக வந்துவிட்டது, அழுகின பல் மாதிரி. ஒன்பதாம் நாள் இரண்டாவது தலையைச் சாய்த்தது. மூன்றாவதும் இலைகளை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. அன்று அவள் கோயிலுக்குப் போனாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு குச்சிக்காகக் கடவுளைத் தொந்தரவு செய்வதா என்று கூச்சமாக இருந்தது. ஆன்டியின் மகளும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். மலருக்காகவும் வேண்டிக்கொண்டாள். திருச்செல்வத்துக்காகவும் ஒரு வார்த்தை.

இதற்கிடையில் ஆன்டியிடமிருந்து ஃபோன் எதுவும் இல்லை. அவளும் செய்யவில்லை. வேர் விடுகிறதோ இல்லையோ, ஆசை காட்டி இரண்டாம் முறை ஏமாற்றுவது பாவம்.

பதினான்காம் நாள் குச்சியின் கணுவில் அரிசி நுனி அளவுக்கு ஒரு பச்சை. பதினேழாம் நாள் அது இரண்டு இலையாக விரிந்தது. அவள் குச்சியைத் துளி மேலே இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. வேர் மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியே பால்கனித் தரையில் உட்கார்ந்தாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்ததை சபாபதி பார்த்தார். தேத்தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நாற்பது நாள் கடந்து மேலும் மூன்று வாரம் ஆனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆன்டி வருகிறார் என்று இரண்டாவது மாடியில் சொன்னார்கள். அம்பாங்கிலேயே காலைப் பூசை பார்த்துவிட்டு மருமகன் காரில் கொண்டுவந்து விடுவாராம்.

காலை பத்து மணி. சபாபதி ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாடியில் பாதிப் பேர் கோயிலுக்குப் போயிருந்தார்கள், பாதிப் பேர் காய்கறி வாங்கப் பாசாருக்கு. புஷ்பவல்லி கதவைத் திறந்து நடையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. ஆன்டி வாசலில் இருந்த ஒரு வாளியைத் தன் வீட்டுக் குளியலறைக்கு எடுத்துப்போய், பழைய மண்ணைப் பையில் கட்டி வைத்துவிட்டு, கொதிக்கிற நீரை மூன்று தடவை ஊற்றிக் கழுவினாள். புது மண்ணும் தேங்காய் நாரும் கலந்து நிரப்பி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். நடுவில் விரலால் குழி பறித்து, செடியை மணலோடு எடுத்து உள்ளே வைத்து, சுற்றிலும் அழுத்திவிட்டாள். இப்போது ஆறு இலை இருந்தது. தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்தாள்.

ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைக்கலாமா என்று நினைத்தாள். எழுதவும் உட்கார்ந்தாள். “ஆன்டி, இது” என்று எழுதியபின் கை ஓடவில்லை. என்னுடையது என்று எழுதினால் அது பொய். யாருடையது என்று எழுதினால் கொடுத்த வாக்குத் தவறும். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அதை ஏற்கெனவே கேட்டாயிற்று. இன்னொரு தடவை கேட்பது பாராட்டைக் கேட்பதுபோல் ஆகிவிடும். செடி தானே பேசிக்கொள்ளட்டும். ஓர் இலையைக் கசக்கினால் ஆன்டிக்குத் தெரிந்துவிடும். காகிதத்தை நாலாக மடித்துக் கிழித்தாள்.

நடையில் மண் சிந்தியிருந்தது. அவள் கதவிலிருந்து ஆன்டியின் கதவு வரைக்கும் ஈரக் காலடி வேறு. ஒரு பழைய துணியைக் கொண்டுவந்து மண்டியிட்டு, ஆன்டியின் வாசலில் ஆரம்பித்து, பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து துடைத்துக்கொண்டே வந்தாள். தன் வாசற்படி வந்ததும் எழுந்து உள்ளே போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். நகக் கண்ணில் இருந்த மண்ணைக் கழுவிவிட்டு, உலைக்கு அரிசி களைந்தாள்.